ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

கம்ப்யூட்டருக்கு வர்ற எல்லா வியாதிக்கும் நம்ம நாட்டுல ஒரே மருந்துதான். "ஃபார்மட் அடிச்சிருங்க சார், புதுசு மாதிரி ஆயிடும்." மெதுவா ஓடுதா? ஃபார்மட். பிரிண்டர் பேச மாட்டேங்குதா? ஃபார்மட். பையன் கேம் போட்டு என்னமோ ஆயிடுச்சா? சந்தேகமே இல்ல, ஃபார்மட். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்ட அதே பல்லவியைத்தான் இங்க புனேவுல தெருமுனை சர்வீஸ் கடையிலயும் கேக்கறேன். மராட்டியில சொல்றாங்க, அவ்ளோதான் வித்தியாசம்.

விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்துல இதுக்கு நியாயம் இருந்துச்சு. ரெஜிஸ்ட்ரின்னு ஒரு குப்பைத்தொட்டி, பென் டிரைவ்ல வர்ற வைரஸ், டிரைவர் சண்டை எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு தடவை பொட்டியைக் கழுவித்தான் ஆகணும்ங்கற நிலைமை. அதனாலதான் சி டிரைவ்ல விண்டோஸ், டி டிரைவ்ல நம்ம சொத்துன்னு பிரிச்சு வைக்கிற பழக்கமே வந்துச்சு. அந்தப் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கிட்டு லினக்ஸுக்கு வந்தவங்கதான் நம்மள்ல நிறைய பேர்.

இப்ப ஏன் இந்தப் பேச்சுன்னா, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துக்கிட்டிருந்த வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 ஏறாத நல்ல லேப்டாப்பைத் தூக்கிப் போட மனசில்லாம உபுண்டு, மின்ட், டெபியன்னு ஏதோ ஒண்ணைப் போட்டுக்கிட்ட குடும்பங்கள் எனக்குத் தெரிஞ்சே அரை டஜன் இருக்கு. பாதி பேர் ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கும் அதையே போட்டுக் கொடுத்திருக்காங்க. முதல் தடவை போட்டது சரி. அடுத்த வெளியீடு வரும்போது என்ன பண்ணப் போறீங்க? இருந்த இடத்துலயே அப்கிரேட் பண்ணுவீங்களா, துடைச்சுட்டுப் புதுசா போடுவீங்களா?

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். வீட்டுப் பொட்டின்னா இருந்த இடத்துலயே அப்கிரேட். புதுசா போடறது விதிவிலக்கு. அதுக்குக் காரணம் கேட்டு வாங்கணும்.

இதைச் சொல்றவன் ஆபீஸ்ல இதுக்கு நேர் எதிரா நடக்கிறவன். நான் பொழைக்கிறதே செர்வர் பராமரிப்புலதான். சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓட ஆயுசு முடிஞ்சப்போ எங்க குழு ஒரு செர்வரைக்கூட அதே இடத்துல அப்கிரேட் பண்ணலை. பக்கத்துல புதுசா ஒண்ணு எழுப்பி, சோதிச்சு, வேலையை அதுக்கு மாத்திவிட்டு, பழசை அணைச்சோம். இத்தனைக்கும் ரெட் ஹேட்காரங்க 7-ல இருந்து 8-க்குப் போக லீப்ன்னு ஒரு கருவியே குடுத்திருக்காங்க, அதை சென்ட்ஓஎஸ் மாதிரி பொட்டிகளுக்கும் பொருந்த வைக்க அல்மாலினக்ஸ் பக்கம் எலிவேட்னு ஒரு திட்டமும் இருக்கு. இருந்தும் தொடலை.

அங்க அது ஏன் சரின்னா, அந்த செர்வர் எப்படி இருக்கணும்ங்கற சமையல் குறிப்பு செர்வருக்கு வெளியில இருக்கு. எந்தெந்த மென்பொருள், எந்த அமைப்பு, எந்த ஃபைல் எங்க, எல்லாம் அன்சிபிள்ல எழுதி கிட்ல போட்டு வச்சிருக்கோம். தரவு வேற டிஸ்க்குல. பொட்டி எரிஞ்சு போனாலும் மத்தியானத்துக்குள்ள இன்னொண்ணு நிக்கும். அதனால துடைக்கிறதுக்குப் பயமே இல்லை.

உங்க வீட்டு லேப்டாப்புக்கு அந்தச் சமையல் குறிப்பு எங்க இருக்கு? எங்கயும் இல்ல. அந்த லேப்டாப்புக்குள்ளதான் இருக்கு. நாலு வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஏதோ ஒரு பிரச்சினைக்கு ஏதோ ஒரு வரியைத் தேடிப் பிடிச்சுப் போட்டது, பிரிண்டரைக் கெஞ்சி வழிக்குக் கொண்டு வந்தது, அம்மாவுக்குத் தட்டச்சு முறை வேணும், பொண்ணுக்கு தமிழ்99 வேணும்னு விசைப்பலகையை அமைச்சது, எல்லாத்துக்கும் ஒரே சாட்சி அந்த டிஸ்க்தான். அதைத் துடைச்சா வீட்டு ஆவணத்தைக் கிழிச்சுப் போட்ட மாதிரி.

"ஹோம் ஃபோல்டரை எடுத்து வச்சுட்டுத்தானே போடறோம்"னு ஒரு பதில் வரும். இதைத்தான் நான் ரொம்ப சந்தேகப்படறேன். ஹோம்ல இல்லாதது எத்தனை இருக்குன்னு பாருங்க. வைஃபை கடவுச்சொற்கள் ஈடிசிக்கு அடியில நெட்வொர்க் மேனேஜர் ஃபோல்டர்ல. பிரிண்டர் அமைப்பு ஈடிசி-கப்ஸ்ல. கிரான்ல போட்டு வச்ச வேலைகள் வார்-ஸ்பூலுக்குள்ள. வீட்டுக் கணக்குக்கு மைஎஸ்கியூஎல்லோ போஸ்ட்கிரஸ்ஸோ வச்சிருந்தா அந்தத் தரவு மொத்தமும் வார்-லிப்ல. உபுண்டு 22.04-ல இருந்து ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் பொதியா வருது. அதோட புக்மார்க், கடவுச்சொல் எல்லாம் பழைய டாட் மொசில்லா ஃபோல்டர்ல இல்லை, ஸ்னாப் ஃபோல்டருக்குள்ள போய் உட்கார்ந்திருக்கு. பழைய ஞாபகத்துல மொசில்லாவை மட்டும் காப்பி பண்ணினவங்க கதி என்ன?

இதுல இன்னொரு கூத்து. லினக்ஸ் ஒரு ஃபைல் யாருடையதுன்னு பேரை வச்சு நினைவு வைக்கிறதில்லை, எண்ணை வச்சுத்தான். டெபியன், உபுண்டுல முதல் ஆள் 1000, அடுத்த ஆள் 1001. பழைய பொட்டியில அப்பாவுக்கு முதல்ல கணக்குத் தொடங்கி, புதுசா போடும்போது பையனுக்கு முதல்ல தொடங்கினா, தனியா வச்சிருந்த ஹோம் பார்ட்டிஷன்ல அப்பாவோட ஃபைல் எல்லாம் பையன் பேர்ல பட்டா மாறிடும். அப்பா திறந்தா "அனுமதி இல்லை". ரெண்டு கட்டளையில சரி பண்ணிடலாம்தான். ஆனா அதைத் தெரிஞ்ச ஆள் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கானே!

வெறும் பிரிண்டர், வைஃபை மட்டும்னா நான் இவ்ளோ நீட்டி முழக்க மாட்டேன். எங்க தங்கமணி வீட்டுல நடந்தது வேற.

மாமனார் திண்டுக்கல்ல தபால் துறையில இருந்து ஓய்வு பெற்றவர். 2003-ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா குடும்பக் கதையைத் தட்டச்சு பண்ணிக்கிட்டே வந்தார். அவங்க அப்பா பர்மாவுல இருந்து நடந்து வந்தது, வித்த நிலம், யாருக்கு யார் முறைன்னு எல்லாம். நாப்பது ஃபைலுக்கு மேல. அந்தக் காலத்துல யூனிகோட் இன்னும் பரவலாகலை, எல்லாம் திஸ்கி எழுத்துருல. இந்தத் தலைமுறைக்கு ஒரு வரி விளக்கம்: திஸ்கியில அடிச்ச ஃபைலுக்கு அதுக்குரிய எழுத்துரு பொட்டியில இருந்தா தமிழ் தெரியும், இல்லாட்டி தலையில கொம்பு முளைச்ச ஐரோப்பிய எழுத்தா, கிறுக்கலா தெரியும். தமிழ்நாட்டு அரசே யூனிகோடை ஏத்துக்கிட்டு ஆணை போட்டது 2010-லதான், அப்ப அதுக்கு முன்னாடி இப்படி வீட்டுக்கு வீடு எத்தனை ஃபைல் இருக்கும்னு யோசிச்சுக்குங்க.

பின்னால மச்சான் அந்தப் பொட்டிக்கு உபுண்டு போட்டுக் கொடுத்து, அந்தப் பழைய எழுத்துருவை எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்னு யூஎஸ்ஆர்-லோக்கலுக்கு அடியில வச்சான். நல்லாத்தான் ஓடுச்சு. மாமனார் 2016-ல தவறிட்டார். அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, "புது வெர்ஷன் கேக்குது"ன்னு அத்தை பக்கத்துல ஒரு கடைக்காரரைக் கூப்பிட்டாங்க. அவர் யோக்கியமான ஆள். ஹோம் ஃபோல்டரை முழுசா எடுத்து வச்சு, துடைச்சு, புதுசா போட்டு, ஒரு ஃபைல் குறையாம திருப்பி வச்சுட்டுப் போயிருக்கார். எழுத்துரு ஹோம்ல இல்லையே? அத்தை திறந்து பார்த்தா ஒரே கிறுக்கல். "அவர் எழுதினது எல்லாம் கெட்டுப் போச்சு"ன்னு ரெண்டு நாள் அழுதிருக்காங்க, எங்ககிட்ட சொல்லலை. அடுத்த மாசம் இடம் இல்லைன்னு பொட்டி சொன்னப்போ, கெட்டுப் போனதுதானேன்னு அழிச்சுட்டாங்க. குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டாங்க.

ஒரு ஃபைல்கூடக் கெடலை. ஒரு எழுத்துருவைத் திருப்பி வச்சிருந்தா அத்தனையும் தமிழா எழுந்து வந்திருக்கும். தங்கமணிக்கு மின்னஞ்சல்ல அவர் எப்பவோ அனுப்பின ஆறு மட்டும் கிடைச்சுது. பர்மா அத்தியாயம் அதுல இல்லை.

அந்த ஆளையோ அத்தையையோ நான் குறை சொல்ல மாட்டேன். அதே பொட்டியை இருந்த இடத்துலயே அப்கிரேட் பண்ணியிருந்தா யூஎஸ்ஆர்-லோக்கலை எதுவும் தொட்டிருக்காது. அது நிர்வாகிக்கு விட்ட இடம், பொதி மேலாளர் அதுல கை வைக்கக் கூடாதுங்கறது டெபியனோட கொள்கை. உபுண்டுவும் அதுல இருந்து வந்ததுதான்.

சரி, அப்கிரேட் மேல இருக்கிற பயத்துக்கு வருவோம். "பாதியில நின்னா?" எனக்கு இதுல ஒரு எதிர்க்கேள்வி உண்டு. புதுசா போடறப்போ பாதியில நின்னா என்ன ஆகும்? டிஸ்க் ஏற்கனவே துடைச்சாச்சு, திரும்ப வழியில்லை. டெபியன்ல அப்கிரேட் நடுவுல கரண்ட் போனா, பெரும்பாலும் மறுபடி ஏத்தி, "டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ" கொடுத்து விட்ட இடத்துல இருந்து தொடரலாம். ஒவ்வொரு பொதியும் எந்த நிலையில நிக்குதுன்னு அது கணக்கு வச்சிருக்கு. இணைய செலவும் அப்படித்தான். உபுண்டு 24.04 டெஸ்க்டாப் படிமம் மட்டும் கிட்டத்தட்ட 6 ஜிபி. அப்கிரேட்டுக்கு இருக்கிற பொதிகளுக்கு மட்டும்தான் இறக்கும், சாதாரண வீட்டுப் பொட்டிக்கு அதைவிடக் குறைச்சலாத்தான் ஆகும்.

டெபியன் இந்த வேலைக்குன்னே கட்டினது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வர்ற குறிப்புகள்ல அப்கிரேட்டுக்குன்னு தனி அத்தியாயமே இருக்கும். முதல்ல புதுப் பொதி எதையும் சேர்க்காம ஒரு சின்ன அப்கிரேட், அப்புறம் முழு அப்கிரேட்டுன்னு ரெண்டு படி. ஒரே நிபந்தனை, நடுவுல ஒரு வெளியீட்டைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. 11-ல இருக்கிறவர் 12-ல கால் வச்சுத்தான் 13-க்குப் போகணும். ஃபெடோராவுல ரெண்டு படி தாண்ட அனுமதி உண்டு, ஏன்னா அங்க ஒரு வெளியீட்டுக்கு ஆயுசே 13 மாசம்தான். லினக்ஸ் மின்ட்காரங்க ஆரம்பத்துல "புதுசாவே போடுங்க"ன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. பின்னால அவங்களே மின்ட்அப்கிரேட்னு கருவி எழுதிட்டாங்க. அவங்க மனசு மாறினதுல எனக்கு அல்ப சந்தோஷம்.

நடுவுல ஒரு இடத்துல எல்லாரும் தடுமாறுவாங்க. "இந்த அமைப்பு ஃபைலை நீங்க மாத்தியிருக்கீங்க, உங்களுடையதை வச்சுக்கவா, புதுசைப் போடவா?"ன்னு கேக்கும். பதறாதீங்க. மாத்தப்பட்ட ஃபைலுக்கு மட்டும்தான் கேக்கும். வெறும் என்டர் தட்டினா உங்களுடையது இருக்கும், புதுசு பக்கத்துல வேற பேர்ல உட்கார்ந்திருக்கும். அப்புறம் நிதானமா ஒப்பிட்டுக்கலாம். நம்ம கைவேலை எங்கெங்க இருக்குன்னு பொட்டியே எடுத்துச் சொல்ற இடம் அது. புதுசா போட்டா அந்தக் கேள்வியை யாருமே கேக்க மாட்டாங்க.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு, மறைக்க வேண்டாம். ஆறேழு வருஷம் அப்கிரேட் பண்ணிக்கிட்டே வந்த பொட்டியில படிமானம் சேரும். யாருக்கும் வேண்டாத பொதிகள், பழைய கெர்னல்கள், இன்னைக்கு யாரும் பரிந்துரைக்காத அமைப்புகள். 2025 ஆகஸ்ட் 9-ல வந்த டெபியன் 13-ல நல்ல உதாரணம் இருக்கு. புதுசா போட்ட பொட்டியில டெம்ப் ஃபோல்டர்ல 10 நாளைத் தாண்டின ஃபைல் தானா அழியும், வார்-டெம்ப்ல 30 நாள். அப்கிரேட் பண்ணின பொட்டியில பழைய வழக்கமே தொடரும். ரெண்டும் டெபியன் 13-தான், ஆனா ஒரே மாதிரி நடந்துக்காது. என்னைக் கேட்டா இது குறை இல்லை, மரியாதை. குடியிருக்கிறவங்களைக் கேக்காம வீட்டு வழக்கத்தை மாத்தலைன்னு அர்த்தம்.

ஆனா "புதுசா போட்டா சுத்தமாயிடும்"ங்கறதுல பாதி மாயை. டெஸ்க்டாப் விநோதமா நடந்துக்கிறதுக்குப் பல தடவை காரணம் ஹோமுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற புள்ளி வச்ச அமைப்பு ஃபைல்கள்தான். அந்த ஹோமைப் பத்திரமா திருப்பி வச்சா வியாதியும் கூடவே பத்திரமா வந்துடும். வாடகை வீடு மாத்தினவங்களுக்குத் தெரியும், எதுக்குன்னே தெரியாத அந்த அட்டைப்பெட்டி எல்லா வீட்டுக்கும் கூடவே வரும், ஆனா தேடற சாவி மட்டும் பழைய வீட்டோட போயிடும். சந்தேகம்னா ஒரு புது பயனர் கணக்கு தொடங்கி அதுல நுழைஞ்சு பாருங்க. அங்க ஒழுங்கா ஓடினா ஓஎஸ் மேல பழி இல்லை.

அப்ப எப்பதான் புதுசா போடறது? டிஸ்க் மொத்தத்தையும் பூட்டு போட்டு மறையாக்கம் பண்ணணும்னா புதுசா போடறதுதான் நேர்வழி. பொட்டிக்குள்ள கள்ளன் புகுந்துட்டான்னு சந்தேகம் இருந்தா யோசிக்கவே வேண்டாம், துடைங்க. பூட் பார்ட்டிஷன் குட்டியூண்டா இருந்தாலும் சிக்கல்தான். டெபியன் 13-க்கு அது 768 எம்பியாவது இருக்கணும், அதுல 300 எம்பி அளவுக்குக் காலியா இருக்கணும்னு குறிப்புலயே சொல்லியிருக்காங்க. கண்ட கண்ட பிபிஏவைச் சேர்த்து, எது எங்கிருந்து வந்ததுன்னே தெரியாத உபுண்டுவா? அப்கிரேட் கருவி வெளி ஆதாரங்களை நிறுத்திட்டுத்தான் ஆரம்பிக்கும், ஆனா ஏற்கனவே உள்ள வந்த பொதிகள் முரண்டு பிடிக்கலாம். ஆயுசு முடிஞ்சு நாலஞ்சு வெளியீடு பின்தங்கின பொட்டிக்கு ஒவ்வொரு படியா ஏற சனி ஞாயிறு பத்தாது. இதெல்லாம் காரணம். "மெதுவா இருக்கு"ங்கறது காரணமே இல்லை, அதுக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்க.

எந்த வழியா இருந்தாலும் காப்புப் பிரதி இல்லாம தொடாதீங்க. ஹோம் மட்டும் போதாது, ஈடிசி, யூஎஸ்ஆர்-லோக்கல், வார் மூணும் சேர்த்து வெளி டிஸ்க்குல. தரவுத்தளம் இருந்தா அதைத் தனியா டம்ப் எடுத்துக்குங்க. "ஆப்ட்-மார்க் ஷோமேன்யுவல்" கொடுத்தா நீங்களா கேட்டு நிறுவின பொதிகளோட பட்டியல் வரும், அதை ஒரு ஃபைல்ல போட்டு உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்குங்க. இதைச் செஞ்சுட்டீங்கன்னா ஆபீஸ் செர்வருக்கு இருக்கிற சமையல் குறிப்புல முக்கால்வாசி உங்க வீட்டுப் பொட்டிக்கும் வந்தாச்சு. அதுக்கப்புறம் துடைக்கணும்னு தோணினா என்கிட்ட சண்டைக்கு வராதீங்க, தாராளமா துடைங்க.

அவசரமும் வேண்டாம். உபுண்டு நீண்டகால வெளியீடுகள் ஏப்ரல்ல வந்தாலும், பழைய நீண்டகால வெளியீட்டுல இருக்கிறவங்களுக்கு முதல் புள்ளி வெளியீடு வரைக்கும் அப்கிரேட் அழைப்பே வராது. 24.04.1 ஆகஸ்ட் 15-க்கு வர வேண்டியது, அப்கிரேட் கோளாறுகளாலயே 2024 ஆகஸ்ட் 29-க்குத் தள்ளிப் போச்சு. அதுக்கப்புறமும் 22.04-ல இருந்து வர்ற வழியைக் கொஞ்ச நாள் மூடி வச்சாங்க. அப்கிரேட் கட்சிக்காரனான எனக்கு இது சங்கடமான செய்திதான், ஆனா அவசரப்படாதவங்க யாருக்கும் அதுல சேதமில்லை.

கடைசியா, ஊர்ல இருக்கிற பொட்டியை இங்கிருந்தே பண்றவங்களுக்கு. எஸ்எஸ்எச் வழியா பண்ணலாம், டெபியன் குறிப்புகளும் அதை ஏத்துக்குது. ஆனா ஸ்கிரீன் இல்லாட்டி டிமக்ஸுக்குள்ள இருந்து ஓட்டுங்க, நடுவுல இணைப்பு அறுந்தா வேலை அங்க தொடரும். உபுண்டுவோட கருவி எஸ்எஸ்எச்ல நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சா பாதுகாப்புக்கு 1022-ம் போர்ட்டுல இன்னொரு கதவையும் திறந்து வைக்கும். லேப்டாப் தானா தூங்கப் போற அமைப்பை முதல்ல நிறுத்துங்க. சார்ஜர் செருகியிருக்கான்னு ஃபோன்ல கேட்டு உறுதி பண்ணிக்குங்க. நெட்வொர்க் கார்டோட பேர் புது வெளியீட்டுல மாறிப் போய் மறுபடி ஏத்தினதும் இணைப்பு வராம போக வாய்ப்பு உண்டு, அதனால பக்கத்துல அப்பாவோ அம்மாவோ உட்கார்ந்து திரையில என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்ல முடியற நேரமா பாருங்க. சாயங்காலம் சீரியல் நேரம் வேண்டவே வேண்டாம்.

பி.கு.: பழைய 32-பிட் நிறுவல் வச்சிருக்கிறவங்க டெபியன் 13-க்கு அப்கிரேட் பண்ணாதீங்க. அதுல 32-பிட் பொட்டிக்குக் கெர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை. முதல்ல "எல்எஸ்சிபியூ" கொடுத்துப் பாருங்க, 64-பிட்னு அதுல வந்தா பொட்டி தாங்கும், முன்னாடி யாரோ 32-ஐப் போட்டு வச்சிருக்காங்க. அதுக்கு மட்டும் புதுசா போடறதுதான் வழி. எழுத்துருக்களை மறக்காம எடுத்துக்குங்க.